இரை வளர்த்தல்

பச்சோந்தி என்ற சொல்லைத் தமிழில் நாம் பெரும்பாலும் மனிதர்களைக் குறிக்கவே எடுத்தாள்கிறோம். கட்சி மாறியவர், நேற்றுச் சொன்னதை இன்று மறுப்பவர், ஆளுக்கொரு முகம் காட்டுபவர் எல்லோரும் பச்சோந்திகள். அந்த உயிரைக் கண்ணால் கண்டவர்களைவிட அப்பெயரால் பிறரை ஏசியவர்களே அதிகம் என்று தோன்றுகிறது. கரப்பானுக்கு அந்த அரசியல் மரியாதைகூட வாய்க்கவில்லை. கரத்தல் என்றால் மறைதல், ஒளித்தல். வெளிச்சம் கண்டதும் ஒளிவதற்கு அந்தப் பெயர் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் சொறிந்து புண்ணாகும் தோல்நோய்க்கும் நம்மவர்கள் அதே பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இந்த இரு உயிர்களோடும் ஒரே கூரையின்கீழ் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் நாங்கள். ஒன்றைச் செல்லப்பிராணியாக வளர்த்தோம். மற்றொன்றை அதற்கு இரையாக வளர்த்தோம். முதலாவதைப் பற்றிக் கேட்க வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஆசை இருந்தது. இரண்டாவதைப் பற்றிச் சொல்லத்தான் எங்களிடம் கூடுதலாக இருக்கிறது.

2010ஆம் ஆண்டின் வசந்தத்தில் நியூ ஜெர்சியின் எடிசன் நகரில் குடியிருந்தோம். எட்டு வயது மகள், நாயும் பூனையும் அனுமதிக்கப்படாத வாடகை வீடு, ஊர்வன விற்கும் ஒரு வாரயிறுதிச் சந்தை ஆகிய மூன்றும் சேர்ந்ததில் ஒரு பச்சோந்திக் குட்டி எங்களுடன் வந்து சேர்ந்தது. ஏமன் பச்சோந்தி என்பது அதன் இனம். ஏமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழ்வது. தலையில் தலைப்பாகை கட்டியதுபோல் எலும்புக் கொண்டை உயர்ந்து நிற்கும். எங்களுக்கு வந்தது அமெரிக்காவிலேயே கூண்டில் பிறந்த குட்டி. மகள் அதற்குப் பச்சையப்பன் என்று பெயரிட்டாள். பொருத்தமான பெயர் என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம்.

பச்சோந்தி பின்னணிக்கேற்ப நிறம் மாறுகிறது என்ற நம் நம்பிக்கையை அவன் முதல் மாதத்திலேயே உடைத்தான். சிவப்புத் துணியின்மேல் விட்டால் சிவக்கவில்லை. குளிர்ந்தால் கருத்தான், வெப்பத்தை உள்வாங்க. கண்ணாடியில் தன்னையே கண்டால் மஞ்சளும் நீலமுமாகப் பட்டை பட்டையாய்ப் பொங்கினான், எதிரி என்று எண்ணி. உறங்கும்போது வெளிறினான். 2015இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியை ஆராய்ந்து, தோலுக்குள் இருக்கும் குவானின் என்ற பொருளின் மிக நுண்ணிய படிகங்களுக்கு இடையிலான தூரம் மாறுவதால்தான் நிறம் மாறுகிறது என்று காட்டினார்கள். தன் நிலையை ஒளிக்காமல் உடலெங்கும் எழுதிக் காட்டும் பிராணியின் பெயரையா நயவஞ்சகர்களுக்குக் கொடுத்தோம் என்று வியந்தோம்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். எங்கள் வீடு சைவம். முட்டையும் உள்ளே வந்ததில்லை. திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பங்களில் பிறந்து, கடல் கடந்த பின்னும் அதை விடாமல் வைத்திருந்தோம். பச்சையப்பனோ பூச்சி தின்பவன். ஏமன் பச்சோந்திகள் அவ்வப்போது இலையும் கடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் இலையைக் கொண்டு அதன் வயிறு நிறையாது. பறக்கும், ஊரும், துடிக்கும் உயிர்தான் அதற்கு உணவு. அசையாததை அது பெரும்பாலும் ஏறெடுத்தும் பாராது. ஆகவே உயிரோடு இருக்கும் இரையை வாங்கி வந்தாக வேண்டும்.

முதலில் சிள்வண்டுகளை வாங்கினோம். செல்லப்பிராணிக் கடைகளில் ஐம்பது, நூறு என்று எண்ணிப் பையிலிட்டுத் தருவார்கள். அவை நாறின, செத்தன, தப்பித்து அடுப்புக்குப் பின்னிருந்து இரவெல்லாம் பாடின. அந்தப் பாட்டு ஊர்க் கிணற்றடியை நினைவூட்டியதால் அதையும் பொறுத்துக்கொண்டோம். 2010இன் பிற்பகுதியில் கடைகளில் சிள்வண்டு கிடைப்பது அரிதாயிற்று. வீட்டுச் சிள்வண்டைத் தாக்கும் டென்சோ வைரஸ் அமெரிக்கப் பண்ணைகளுக்குள் புகுந்து, கோடிக்கணக்கில் வளர்க்கப்பட்ட பூச்சிகளை அழித்துக்கொண்டிருந்தது. திவாலான பண்ணைகளும் உண்டு. ஊர்வன வளர்ப்போர் பலர் அந்தக் காலத்தில்தான் கரப்பானுக்கு மாறினார்கள். நாங்களும் மாறினோம்.

டூபியா என்று அழைக்கப்படும் அந்தக் கரப்பான் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. லத்தீனில் அச்சொல்லுக்கு ஐயத்துக்குரியது என்று பொருள். நம் சமையலறைக் கரப்பானோடு இதற்குக் குலத்தொடர்பு உண்டே தவிர நடத்தையில் உறவில்லை. உலகில் ஏறத்தாழ 4,500 வகைக் கரப்பான்கள் இருக்கின்றன. அவற்றுள் மனித வீடுகளை அண்டி வாழ்பவை முப்பது வகைகள் மட்டுமே. மற்றவை காட்டின் சருகுக்குள் இருந்துகொண்டு உதிர்ந்தவற்றை மண்ணாக்கும் பணியைச் செய்பவை. டூபியா அந்தப் பெரும்பான்மையைச் சேர்ந்தது. வழவழப்பான சுவரில் அதனால் ஏற முடியாது. பெண்ணுக்கு இறகு வெறும் முளையளவே; ஆணுக்கு முழு இறகு இருந்தாலும் பறப்பதென்று சொல்லிவிட முடியாது. நியூ ஜெர்சியின் குளிரில் தப்பிச் சென்றாலும் பெருகாது. வெப்பமான ஃபுளோரிடாவில் நிலைமை வேறு. அங்கே டூபியாவுக்கு அனுமதி இல்லாததால் அம்மாநிலத்துக்கு விற்பனையாளர்கள் அதை அனுப்புவதில்லை.

2010 டிசம்பரில், சூடு தரும் சிறு பொட்டலம் ஒன்றோடு, தபாலில் வந்து சேர்ந்தன இருபது பெண்களும் ஐந்து ஆண்களும். மூடியில் கம்பிவலை பதித்த ஆழமான பிளாஸ்டிக் தொட்டி அவற்றின் வீடு. ஒளிந்துகொள்ள இடம் வேண்டும் என்பதால் முட்டை அடுக்கும் அட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தினோம். முட்டையே நுழையாத வீட்டுக்குள் முட்டை அட்டை கட்டுக்கட்டாக வந்தது அப்போதுதான். தொட்டிக்கு வெளியே ஒருபுறம் சூடேற்றும் தகடு ஒட்டி உள்ளே முப்பது டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் காத்தோம். அதற்குக் கீழே போனால் அவை உயிர் வாழும், ஆனால் இனப்பெருக்கம் மந்தமாகும். அறையின் சாதாரணக் குளிர்ச்சியில் நின்றேவிடும். இந்தச் சிறு உண்மை பிற்பாடு எங்களுக்குப் பெரிதும் உதவியது.

டூபியா குட்டி போடும் பூச்சி. பெண் தன் முட்டைக்கூட்டை ஒருமுறை வெளியே நீட்டி, திருப்பி, மீண்டும் தன் உடலுக்குள்ளேயே இழுத்துக்கொள்கிறது. சுமார் இரண்டு மாதம் சுமந்தபின் இருபது முப்பது குஞ்சுகள் உயிரோடு வெளிவருகின்றன. பிறந்த கணத்தில் அரிசிக் குருணைபோல் வெண்மையாக இருக்கும். சில மணி நேரத்தில் கருக்கும். வளர்ந்து பெரிதாக நான்கைந்து மாதங்கள் ஆகும். முதல் தலைமுறை முதிரும்வரை ஒன்றையும் எடுக்காமல் காத்திருக்க வேண்டும், விதைநெல்லைத் தொடாத குடியானவன்போல. அதுவரை தட்டுப்பாட்டுக்கிடையே கிடைத்த சிள்வண்டிலும் பட்டுப்புழுவிலும் பச்சையப்பன் வளர்ந்தான்.

கரப்பானுக்கு என்ன உணவு என்று தேடிப் படித்தபோதுதான் எங்கள் வீட்டுக்கும் அந்தத் தொட்டிக்கும் எதிர்பாராத ஒற்றுமை வெளிப்பட்டது. கரப்பானின் உடலுக்குள் பிளாட்டபாக்டீரியம் என்ற நுண்ணுயிர் குடியிருக்கிறது. புரதம் மிகும்போது கரப்பான் அதை யூரிக் அமிலமாகத் தன் கொழுப்பில் சேமிக்கும். பற்றாக்குறை வரும்போது அந்த நுண்ணுயிர் அதை மீண்டும் பயன்படும் பொருளாக்கித் தரும். மாதக்கணக்கில் ஏதுமற்ற இடத்திலும் இந்தக் குலம் தாக்குப்பிடிப்பதன் ரகசியங்களுள் இது ஒன்று. நாய் பூனைக்கான மாமிசத் தீவனத்தை அள்ளிப் போட்டால் யூரிக் அமிலம் குவியும். அந்தக் கரப்பானைத் தின்னும் பச்சோந்திக்கு மூட்டுவாதம் வரக்கூடும் என்று வளர்ப்போர் அஞ்சுகிறார்கள். ஆகவே எங்கள் கரப்பான்கள் சைவமாகவே வளர்ந்தன. ஓட்ஸ், கோதுமைத் தவிடு, காரட், கடுகுக்கீரை, ஆரஞ்சுச் சுளை, எடிசன் மளிகைக் கடைகளில் உறையவைத்து விற்கும் முருங்கைக்கீரை. கடைசியாகச் சொன்னதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பதால் அதற்கு முதலிடம் கொடுத்தோம்.

காஃப்காவின் உருமாற்றம் கதையில் பூச்சியாகிவிட்ட மகன்மீது தந்தை ஆப்பிள் எறிவார். அது முதுகில் பதிந்து அழுகும். அந்தப் பூச்சியை எல்லோரும் கரப்பான் என்றே நினைக்கிறார்கள். நபகோவ் அது வண்டுதான் என்று வாதிட்டார். எதுவாயினும், எங்கள் தொட்டிக்குள் ஆப்பிள் துண்டுகள் மெதுவாகவே வைக்கப்பட்டன என்று பதிவு செய்ய விரும்புகிறோம்.

சுண்ணாம்பைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனெனில் பச்சோந்தியின் உயிர் அதில்தான் நிற்கிறது. பூச்சிகளின் உடலில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அப்படியே தின்றுவந்தால் பச்சோந்தியின் எலும்பு மென்மையாகிக் கால்கள் வளைந்து தாடை தளர்ந்துவிடும். கூண்டில் இறக்கும் பச்சோந்திகளில் பல இவ்வாறே இறக்கின்றன. எனவே இரைக்கு முதல்நாளே நல்ல கீரையை ஊட்டி வயிற்றை நிரப்ப வேண்டும். கொடுக்கும் நேரத்தில் கால்சியம் பொடியில் புரட்ட வேண்டும். புற ஊதாக் கதிர் தரும் விளக்கு எரிய வேண்டும். கரப்பான் என்ன தின்கிறதோ அதைத்தான் பச்சோந்தி தின்கிறது என்பது வளர்ப்போரின் முதல் பாடம். ஒரு வாரத்தில் பச்சையப்பனுக்காக நாங்கள் செலவிட்ட நேரத்தைக் கணக்கிட்டால் பாதிக்கு மேல் கரப்பான்களிடம்தான் கழிந்தது. கழுவிய கீரையை அரிவது, பழைய சுளையைப் பூஞ்சை பிடிக்குமுன் எடுப்பது, செத்தவற்றைப் பொறுக்குவது, மாதம் ஒருமுறை எச்சத்தைச் சலிப்பது. அந்த எச்சத்தூள் காற்றில் பறந்து மூக்கில் ஏறினால் நாளடைவில் ஒவ்வாமை வரும் என்று படித்ததால் சலிக்கும்போது முகக்கவசம் அணிந்தோம்.

உணவூட்டுவதும் அத்தனை எளிதன்று. டூபியாவை இலைமேல் விட்டால் அசையாது கிடக்கும், அல்லது விழுந்து ஒளியும். அசையாததைப் பச்சையப்பன் காணமாட்டான். எனவே வழவழப்பான கிண்ணத்தில் இட்டுக் கிளையில் தொங்கவிடுவோம். அவனது இரு கண்களும் தனித்தனியாகச் சுழன்று, பிறகு இரண்டும் ஒன்றாகக் கிண்ணத்தில் குவியும். வாய் மெல்லத் திறக்கும். அதன்பின் நடப்பதைக் கண் பின்தொடர இயலாது. வால் நீங்கலான உடலைவிட நீண்ட நாக்கு சென்று ஒட்டிக்கொண்டு திரும்பியிருக்கும். மெல்லும் ஓசை மட்டும் நமக்குக் கேட்கும். குட்டிப் பருவத்தில் மகள் ஒவ்வொரு முறையும் கைதட்டினாள். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

2011 கோடையில் எங்களில் ஒருவரின் தாயார் ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்தார். மகளுக்கு அவர் ஆச்சி. தொட்டியைத் திறந்து காட்டியதும் அலறுவார் என்று எதிர்பார்த்தோம். குனிந்து நெடுநேரம் பார்த்தார். மறுநாள் முதல் கீரை ஆய்ந்த காம்பை அவரே தொட்டிக்குள் போடத் தொடங்கினார். பச்சையப்பன் தின்பதை மட்டும் ஒருநாளும் பார்க்கமாட்டார். கிண்ணத்தை எடுத்தால் பூசை அறைக்குப் போய்விடுவார். நாங்கள் தயங்கித் தயங்கிச் சமாதானம் சொல்ல முற்பட்டோம். பல்லி பூச்சி தின்பதில்லையா, காட்டில் இதுதானே நடக்கிறது என்றோம்.

"பல்லி திங்குது. அதை நாம என்னைக்காவது வையுதோமா? அது தானா பிடிச்சுத் திங்குது. நீங்க வளத்துல்லா குடுக்கீய" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே சொன்னார். அந்த ஒரு சொல், வளத்து என்பது, நெடுநாள் எங்களை விட்டு நீங்கவில்லை. வேட்டையாடும் மிருகத்தின்மேல் பழியில்லை. வாங்கித் தின்பவன் தூரத்தில் இருக்கிறான். நாங்களோ ஒவ்வொன்றும் பிறப்பதைப் பார்த்து, வெண்மையிலிருந்து கருப்பதைப் பார்த்து, தோலுரித்துப் பெரிதாவதைப் பார்த்து, நலமாக இருக்கிறதா என்று உறுதி செய்தபின் கிண்ணத்தில் இட்டோம். நலமாக இல்லாவிட்டால் இடமாட்டோம். கருணைக்கும் கணக்குக்கும் ஒரே செய்கைதான் போதும் என்பது விசித்திரமானது. தொட்டிக்குள் நாங்கள் செய்த எந்தப் பணிவிடையையும் இன்னதற்கென்று பிரிக்க முடியாது.

சோழர்கள் தம் முன்னோன் என்று உரிமை கொண்டாடிய சிபியின் கதையைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புறாவுக்காகத் தன் சதையை அரிந்து தராசில் இட்டவன். நாம் எப்போதும் புறாவையும் மன்னனையும் பற்றியே பேசுகிறோம். பருந்தின் வழக்கு அந்தக் கதையில் பொய்யென்று எங்கும் தள்ளப்படுவதில்லை என்பது பச்சையப்பன் வந்தபின்தான் எங்கள் கண்ணில் பட்டது. எனக்குரிய உணவை நீ பறித்தால் நான் பட்டினி கிடப்பேன் என்கிறது பருந்து. அது நியாயம் என்பதால்தான் மன்னன் தராசைக் கொண்டுவரச் சொல்கிறான். அவனால் தன் உடலைக் கொடுத்து இருவருக்கும் நீதி செய்ய முடிந்தது. எங்களிடம் இருந்தது பிறர் உடல்தான். நாள்தோறும் பருந்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னோம், புறாவுக்குக் கீரை வைத்துக்கொண்டே.

2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் நியூ ஜெர்சியில் கரையேறியது. எங்கள் தெருவில் ஒன்பது நாள் மின்சாரம் இல்லை. பெட்ரோல் தட்டுப்பாட்டால் நவம்பர் 3 முதல் எங்கள் மாவட்டம் உட்படப் பன்னிரண்டு மாவட்டங்களில் ஒற்றைப்படை, இரட்டைப்படை முறை அமலுக்கு வந்தது. வண்டி எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து நாள் ஒதுக்கினார்கள். வீட்டுக்குள் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கியது. எரிவாயு அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைக்க முடிந்ததே எங்கள் பேறு. நீரைக் காய்ச்சிப் புட்டிகளில் ஊற்றித் துண்டால் சுற்றி, சில பச்சையப்பனின் கூண்டருகே, சில தொட்டிக்குள் என்று வைத்தோம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இரவு முறை போட்டு விழித்தோம். பச்சையப்பன் குளிரில் கருத்துக் கண்மூடிக் கிடந்தான். இரண்டாம் இரவு, புட்டி குறைவாக இருந்தபோது, யாருக்கு முதலில் என்ற கேள்வி எழுந்தது. கரப்பான்கள் குளிரை அவனைவிடத் தாங்கும் என்று அறிவு சொல்லிற்று. மகளோ தொட்டியைத் தன் படுக்கைக்கு அருகே இழுத்துப் போட்டு அதன்மேல் தன் கம்பளியை விரித்தாள். பொழுது விடிந்தபோது தொட்டியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நடக்குது" என்றாள். நாங்கள் மூவரும் மகிழ்ந்தோம். எதற்காக மகிழ்ந்தோம் என்பதை அப்போது யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பச்சையப்பன் ஏழு ஆண்டுகள் இருந்தான். அவன் இனத்துக்கு அது நல்ல வயது. கடைசி வாரங்களில் நாக்கை எறிய வலுவில்லாமல் போயிற்று. குறி பார்ப்பான், வாய் திறப்பான், நாக்கு விரலளவு நீண்டு தொங்கும். அப்போது, தோலுரித்த சற்று நேரத்துக்கு வெண்மையாகவும் மிருதுவாகவும் இருக்கும் டூபியாக்களைத் தேடி எடுத்து அவன் வாயருகே பிடித்தோம். 2017 பிப்ரவரியில் ஒரு காலை கிளையைப் பற்றிய கால்கள் பற்றியபடியே இருக்க இறந்திருந்தான். பின்புறத்து உறைந்த மண்ணைச் சுடுநீர் ஊற்றி இளக்கிப் புதைத்தோம்.

துக்கத்தின் இரண்டாம் வாரம்தான் தொட்டியின் நினைவு வந்தது. ஏறத்தாழ எண்ணூறு உயிர்கள் உள்ளே இருந்தன. சூட்டுத் தகடு எரிந்துகொண்டிருந்தது. குஞ்சுகள் பிறந்துகொண்டிருந்தன. வழக்கமான தீர்வு ஒன்று உண்டு. தொட்டியை உறைபெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். குளிரில் உணர்விழந்து இறந்துவிடும். வேறொரு தீர்வு, ஊர்வன வளர்க்கும் யாருக்காவது மொத்தமாகக் கொடுத்துவிடுவது. வெளியே விடுவது முறையல்ல. இந்நிலத்துக்கு உரியதல்லாத உயிரை இங்கே திறந்துவிடக் கூடாது, விட்டாலும் பிப்ரவரிக் குளிர் உறைபெட்டியின் வேலையைத்தான் செய்யும்.

மகளுக்கு அப்போது பதினைந்து வயது நிறையவிருந்தது. உறைபெட்டியைப் பற்றிப் பேச்செடுத்ததும், "இதெல்லாம் பச்சையப்பனுக்குத்தானே சாப்பாடு? அவன் இல்லேன்னா இது யாருக்குச் சாப்பாடு?" என்று கேட்டாள்.

குழந்தைத்தனமான கேள்விபோல் ஒலித்தாலும் அதற்கு எங்களிடம் விடை இருக்கவில்லை. ஆறு ஆண்டுகளாக அந்த உயிர்களை நாங்கள் இரை என்ற சொல்லால் மட்டுமே அறிந்திருந்தோம். அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவன் பச்சையப்பன். அவன் போனதும் சொல்லும் போய்விட்டது. தொட்டிக்குள் எதுவும் மாறவில்லை. அதே கால்கள், அதே மீசைகள், அதே ஆரஞ்சுச் சுளையைச் சுற்றி அதே கூட்டம். இரையாக இருக்கும்வரை அவற்றைக் கொல்ல ஒரு காரணம் இருந்தது, வேறொரு உயிரின் பசி என்ற வலுவான காரணம். இப்போது கொல்வதானால் எங்கள் வசதி மட்டுமே காரணமாக இருக்கும். நூற்றுக்கணக்கில் தயக்கமின்றிக் கிண்ணத்தில் இட்ட கைகள் உறைபெட்டியின் கதவில் நின்றது வேடிக்கைதான். ஆனாலும் நின்றன.

பாதியை உயிரியல் ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பறையிலிருந்த தாடிப் பல்லிக்காக வாங்கிக்கொண்டார். அங்கே அவை மீண்டும் இரை ஆயின. அதில் எங்களுக்கு வருத்தமில்லை. அந்தப் பல்லியும் பசித்திருந்தது. எஞ்சியவற்றுக்காக நாங்கள் செய்தது மிகச் சிறிய செயல். சூட்டுத் தகட்டின் மின்கம்பியைப் பிடுங்கினோம். அறையின் இருபத்தொரு டிகிரியில் அவை மந்தமாயின, ஆனால் உண்டன, நடந்தன. சில மாதங்களில் பிறப்பு நின்றது. இருந்தவை தத்தம் ஆயுள்வரை இருந்தன. கீரையும் சுளையும் வழக்கம்போல் விழுந்தன. கடைசிப் பெண் டூபியா 2019 இலையுதிர் காலத்தில் இறந்தது. எவருக்கும் எப்பயனும் இல்லாத அந்த இரண்டரை ஆண்டுப் பணிவிடையைப் பற்றி நண்பர்களிடம் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். சொல்லும்போது எங்களுக்கே சற்றுச் சிரிப்பு வந்தது.

பூச்சிக்கு வலிக்குமா என்ற கேள்வியை அந்த ஆண்டுகளில் நாங்கள் பலமுறை கேட்டுக்கொண்டு, வலிக்காது என்றே தேற்றிக்கொண்டோம். பெரும்பாலான நூல்களும் அப்படித்தான் சொல்லிவந்தன. 2022இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, வலியுணர்வை மதிப்பிட எட்டு அளவுகோல்களை வைத்துப் பூச்சிக் குலங்களைப் பரிசோதித்தது. முதிர்ந்த ஈ, கொசு அடங்கிய வரிசையும், முதிர்ந்த கரப்பான், கறையான் அடங்கிய வரிசையும் அவற்றுள் ஆறை நிறைவு செய்தன. வலி உண்டென்று அது நிறுவிவிடவில்லை. வலுவான சான்று என்கிறது. படித்த அன்று இரவு எங்களில் ஒருவர், ஏழாண்டுகளில் எத்தனை கொடுத்திருப்போம் என்று தாளில் கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். அந்த ஆய்வு முன்னமே வந்திருந்தால் பச்சையப்பனைப் பட்டினி போட்டிருப்போமா? மாட்டோம். வாங்கியிருப்போமா என்பது வேறு கேள்வி. அதற்கு எங்கள் மூவரிடமும் மூன்று விடைகள் இருக்கின்றன. மகள் இப்போது தனியே வசிக்கிறாள். செல்லப்பிராணி ஏதும் வளர்ப்பதில்லை. செடிகள் வளர்க்கிறாள்.

அவள் எடுத்துச் சென்றவற்றில் ஒரு கறிவேப்பிலைச் செடியும் உண்டு. குளிர்காலம் முழுவதும் சன்னலோரத்தில் வைத்துக் காப்பாற்றிய செடி. தொட்டியில் சலித்த எச்சம்தான் ஆண்டுக்கணக்கில் அதற்கு உரம். ஆச்சி இரண்டாம் முறை வந்தபோது அதன் தழைப்பைக் கண்டு என்ன உரமென்று கேட்டார். சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு இரண்டு இணுக்கு ஒடித்து ரசத்தில் போட்டார்.